மார்ட்டி மேடையில் இருந்தார்

போன மாதம் ஐசலினில் இருக்கும் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இப்போதைய சட்டமன்ற உறுப்பினரிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். "ஆன்ட்டி, நீங்க இருபத்தி மூணு வருஷம் இங்க இருந்தீங்களாமே, எங்களுக்கு ஒரு ட்ரெய்னிங் குடுங்களேன்" என்றாள். என்ன தெரியணும் என்று கேட்டேன். வேட்புமனுவுக்கு ஆதரவுக் கையெழுத்தை இப்போது ஃபோனிலேயே வாங்கிவிடலாமாம், லிங்க் அனுப்பினால் போதுமாம். "உங்க டைம்ல பேப்பர்லயே வாங்குவீங்களாமே, அதுல அப்படி என்ன பெரிய பிரச்னை வந்துச்சு?" என்று கேட்டாளே பார்க்கலாம். தலையில் அடித்துக்கொண்டேன். அதே ஜன்னல், அதே மேஜை. அங்கே உட்கார்ந்துகொண்டு என்னையே கேட்கிறாள். ஒரு நிமிடம் கூகுள் பண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

எனக்கு யாரும் ட்ரெய்னிங் கொடுக்கவில்லை. திருச்சியில் எம்.காம். முடித்துக் கல்யாணமாகி இங்கே அமெரிக்காவுக்கு வந்து, பார்சிப்பனியில் வேலை பார்த்த கணவருக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தவள் நான். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த வருடம் நூலகத்தில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து அப்ளை பண்ணினேன். மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் வேலை. தமிழும் இந்தியும் தெரிந்தால் நல்லது என்று போட்டிருந்தது. எனக்கு இந்தி தெரியாது. தெரியும் என்று நான் எழுதவில்லை. தெரியாது என்றும் எழுதவில்லை.

அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான இடத்துக்கு வருகிறவர்கள். கிரீன் கார்டு தாமதம் என்று வருவார்கள். அது மத்திய அரசு சமாச்சாரம். வாசலில் ரோடு பள்ளம் என்று வருவார்கள். அது நகராட்சி. "இது எங்க வேலை இல்லை" என்ற வாக்கியத்தை நான் யாரிடமும் வெறுமனே சொன்னதில்லை. சரியான ஆபீசுக்கு நானே டயல் பண்ணி, அந்தப் பக்கம் ஒரு மனிதக் குரல் கேட்ட பிறகு ரிசீவரை அவர்கள் கையில் கொடுப்பேன். மெஷின் குரல் என்றால் கொடுக்கவே மாட்டேன். நாற்பது நிமிடம் ஆனாலும் காத்திருக்கச் சொல்லிப் போடுகிற அந்தப் பாட்டை நானேதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வருடம் நோட்டரி ஆனேன். இங்கே நோட்டரி ஆக வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஒரு விண்ணப்பம், ஒரு பிரமாணம், ஒரு ஸ்டாம்ப், அவ்வளவுதான். சென்னையில் மனை விற்கப் பவர் பத்திரம் எழுதிக்கொண்டு நம் ஆட்கள் வரிசையில் வருவார்கள். புருஷன் மட்டும் வருவார், பெண்டாட்டி கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கும். "அவ வேலைக்குப் போயிருக்கா மேடம், அவ போட்ட மாதிரிதான், ஸ்டாம்ப் அடிச்சிடுங்க" என்பார். போட்ட மாதிரியாம்! திருப்பி அனுப்பிவிடுவேன். ஆள் என் முன்னால் வர வேண்டும், லைசென்ஸைக் காட்ட வேண்டும், எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ண வேண்டும், என் கண்ணெதிரில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் டிராயரைத் திறப்பேன். நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோடு முழுக்க எனக்கு ஸ்டாம்ப் ஆன்ட்டி என்று பெயர். நாற்பது வயது ஆட்கள் எல்லாம் ஆன்ட்டி என்பார்கள், அதை விடுங்கள்.

இனி மார்ட்டி. அவர்தான் அந்தச் சட்டமன்ற உறுப்பினர். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன், எங்கள் சண்டையின் வேகம் அதில்தான் சரியாக வரும். வசந்தா என்ற என் பெயரை முதல் நாளே வாஸ் என்று சுருக்கியவர். ஆறடி உயரம், எப்போதும் ஒரு காதில் ஃபோன். உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. நின்றபடி போடுவார், கார் கூரைமேல் வைத்துப் போடுவார், ஒரு தடவை என் முதுகையே மேஜையாக்கிப் போட்டார். "மார்ட்டி, படிச்சிட்டுப் போடுங்க" என்பேன். "நீ படிச்சிட்டியா? அப்ப நான் படிச்ச மாதிரி" என்பார். பார்த்தீர்களா, இவரும் 'மாதிரி'தான்.

கெட்ட மனுஷன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் அப்படி இல்லை, அதுதான் எரிச்சல். தொகுதியில் எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். என் கணவர் ரகுவுக்கு பைபாஸ் நடந்தபோது ஓக் ட்ரீ ரோடில் இட்லி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கூடவே சாம்பார் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு விதவை அம்மாவுக்கு வேலையிழப்பு உதவி கிடைக்கவில்லை என்று அந்த ஆபீசில் அவரே போய் வரிசையில் நின்றார். அவ்வளவும் செய்வார். ஒரு தாளைப் படிக்கச் சொன்னால் மட்டும் முடியாது.

கடைசித் தேர்தலுக்கு முந்தின பொங்கல் விழாவில்தான் வினை வந்தது. ஒரு உயர்நிலைப் பள்ளி சாப்பாட்டுக் கூடத்தில் விழா, நானூறு பேருக்கு மேல் இருக்கும். மார்ட்டி வேட்டியில் வந்தார், வெல்க்ரோ ஒட்டும் வேட்டி. வேட்புமனுவுக்குத் தேவையான கையெழுத்துகளை நாங்கள் ஏற்கெனவே வாங்கி முடித்தாயிற்று. ஆனால் மார்ட்டிக்குப் போதவில்லை. "கட்டு தடிமனா இருக்கணும் வாஸ், எதிர்ல நிக்கிறவன் பாத்ததும் வீட்டுக்குப் போயிடணும்" என்றார். பெட்டிஷன் தாள்கள் செருகிய பேடுகளை நான்தான் பையில் எடுத்துப் போனேன். மேசைகள் பக்கம் கதிரேசன் நின்றுகொண்டிருந்தார். பார்சிப்பனியில் சாஃப்ட்வேர் வேலை, நாற்பது வயது, எந்த விழாவிலும் நாற்காலி மடக்குவது வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறவர். "கதிரேசன், இதைக் கொஞ்சம் சுத்திக் குடுங்க" என்றேன். சொன்னது நான். இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரேசன் சுற்றிக் கொடுத்தார். பேடு மேசை மேசையாகப் போனது. மார்ட்டி மேடையில் 'வணக்கம்' சொல்லிக்கொண்டிருந்தார். நான் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன், என் எதிரில் ஒரு அங்கிள் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார், அப்படியே கீழே பெண்டாட்டி பெயருக்கும் போட்டார். அந்த அம்மா மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் வேலை பார்க்கிற மகனுக்கும் ஒரு கையெழுத்து. வீட்டுக்கு வருகிற கூரியரிலிருந்து பள்ளிக்கூட ஃபாரம் வரை நம் வீடுகளில் தகப்பன்தானே எல்லாருக்கும் சேர்த்துப் போடுகிறார்! அங்கிளுக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பவர் பத்திரத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பின ஸ்டாம்ப் ஆன்ட்டிக்குத் தோன்றாமல் இருக்குமா? 'அங்கிள், அவங்கவங்கதான் போடணும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருத்தர் வடை கொண்டு வந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

தாள்களில் கையெழுத்து வாங்கினவர் யாரோ, அவர் நோட்டரி முன்னால் சத்தியம் பண்ணி அடியில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கையெழுத்தும் என் கண்முன்னால் போடப்பட்டது என்று. அலுவலக நேரத்தில் தேர்தல் வேலை கூடாது என்பதால், ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு எதிரில் இருக்கிற டோனட் கடைக்குப் போய்த்தான் இந்த வேலைகளைச் செய்வோம். சட்டத்தை மதிக்கிற லட்சணம்! திங்கட்கிழமை அங்கே பொங்கல் விழாத் தாள்களை விரித்தேன். அடியில் இருந்த கோடு காலி. கதிரேசன் இன்னும் குடிமகன் ஆகாதவர், கிரீன் கார்டில் இருந்தார். அவர் சத்தியம் பண்ண முடியாது.

"குடு, நான் போடுறேன்" என்றார் மார்ட்டி.

"நீங்க எப்படிப் போடுவீங்க? நீங்க மேடையில இருந்தீங்க."

"அதே ஹால்தானே வாஸ்? எனக்குக் கண்ணு இல்லையா?"

"எல்லாருக்கும் சேத்து அங்கிள்களே போட்டிருக்காங்க மார்ட்டி. நான் பாத்தேன். இது வேணாம். நம்மகிட்டதான் போதுமானது இருக்கே."

ஃபோன் அடித்தது. ஒரு கையால் ஃபோன், இன்னொரு கையால் வரிசையாக ஆறு தாளிலும் கையெழுத்து. படிக்கவில்லை, கையைத் தூக்கவில்லை. போட்டு முடித்து என் பக்கம் தள்ளினார், ஃபோனில் பேசிக்கொண்டே "ஸ்டாம்ப்" என்று வாயசைத்தார்.

நான் அடித்தேன். ஆறு தாளிலும் அடித்தேன். ஏன் என்று இன்றைக்குவரை என் மகள் கேட்கிறாள். அந்த இட்லியா, இத்தனை வருடப் பழக்கமா, வீட்டுக்குப் போய்ச் சமைக்கணும் என்ற அவசரமா? எதைச் சொன்னாலும் என் காதுக்கே அசிங்கமாக இருக்கிறது.

எதிராளி வீட்டுக்குப் போகவில்லை. ஆட்களை வைத்துத் தாள் தாளாகச் சரிபார்த்தார். ஒரே பேனா, ஒரே கை, நாலு பேர். ரவுண்ட் ராக் மகன் ஃபோனில் "நான் கையெழுத்தே போடலையே" என்று சொல்லிவிட்டான். இதையெல்லாம்கூடத் தேர்தல் அதிகாரிகள் அடித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒரு தாளில், செத்து எட்டு மாதம் ஆன ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடைய மகனிடமே போய்க் கேட்டேன். "அப்பாவுக்கு மார்ட்டின்னா உசுரு மேடம், இருந்திருந்தா மொதல் ஆளாப் போட்டிருப்பாரு, வோட்டர் லிஸ்ட்ல பேரும் இன்னும் இருந்துச்சு" என்றார், கண்ணெல்லாம் கலங்கி. திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. அந்த இறந்துபோன மனிதர் தன் கண்முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று சட்டமன்ற உறுப்பினர் சத்தியம் பண்ணியிருக்கிறார். அடியில் என் ஸ்டாம்ப். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா?

மாநில அரசு விசாரணை ஆரம்பித்தது. மார்ட்டி அறிக்கை விட்டார். அதை நான் எழுதவில்லை, யாரோ வக்கீல் எழுதினார். ஆர்வக் கோளாறுள்ள ஒரு சமூகத் தொண்டர் தன்னைத் தவறாக நம்பவைத்துவிட்டார் என்று அதில் இருந்தது. அடுத்த நாள் பத்திரிகை கதிரேசன் பெயரைப் போட்டுவிட்டது.

கதிரேசன் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆன்ட்டி, அடுத்த மாசம் எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ."

"தெரியும்பா."

"ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. கைது ஆகலைன்னாலும் பரவால்ல, எப்பவாவது ஒரு குத்தம் பண்ணியிருக்கீங்களான்னு. இதுக்கு நான் என்னன்னு போடறது? ஆமான்னா கெட்டேன். இல்லன்னா, பொய் சொன்னான்னு பிடிப்பாங்க. பேப்பர்ல பேரு வந்துருச்சே. அம்மா தஞ்சாவூர்ல தனியா இருக்காங்க. சிட்டிசன் ஆனாத்தான் கூட்டிட்டு வர முடியும். பதிமூணு வருஷமா இதுக்குத்தான் ஆன்ட்டி காத்துட்டிருக்கேன். நீங்க குடுங்கன்னு சொன்னீங்க, குடுத்தேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அவர் என்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிற குரலில் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் ரகு ஒரே பிடியாக நின்றார். "வாய மூடிட்டு சும்மா இரு வசந்தா. ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. உன்னை யாரு கேட்டா? அவங்களா கூப்பிட்டா வக்கீலைப் பாத்துக்கலாம்."

"டோனட் கடையில என்ன நடந்ததுன்னு தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். ஒருத்தர் பொய் சொல்றாரு. இன்னொருத்தி வாய மூடிக்கிட்டா கதிரேசன் கதி என்ன?"

"அவருக்கு வக்கீல் இல்லையா?"

"அவருக்கு நான்தான் இருக்கேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மறுநாள் காலை ரகுவே காரை எடுத்தார். வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்கு, விசாரணை ஆபீசுக்கு ஓட்டினார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண், என் மகள் வயது. முதலில் என் வலது கையைத் தூக்கச் சொன்னாள். எத்தனை பேரைத் தூக்க வைத்திருக்கிறேன், அன்றைக்கு என் முறை. எல்லாவற்றையும் சொன்னேன். பேடுகளைக் கொண்டுபோனது நான், சுற்றிக் கொடுக்கச் சொன்னது நான், திரும்ப வாங்கிப் பையில் வைத்ததும் நான். கதிரேசன் மார்ட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, டோனட் கடைக்கு வரவும் இல்லை. அங்கிள்களே எல்லாருக்கும் போட்டதை நான் மார்ட்டியிடம் சொன்னேன், சொன்ன பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்துகள் போடப்பட்டபோது அவர் எங்கே இருந்தார்?" என்று கேட்டாள்.

"மேடையில் இருந்தார்."

"இது தெரிந்தும் நீங்கள் ஏன் சீல் வைத்தீர்கள்?"

"தப்புப் பண்ணினேன்" என்றேன்.

என்மேல் வழக்குப் போடவில்லை. நோட்டரி உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன், ஸ்டாம்பை அவர்கள் முன்னால் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மார்ட்டிமேல் பொய்ச் சத்தியக் குற்றச்சாட்டு பதிவானது. ஐந்து மாதம் 'நான் குற்றவாளி இல்லை, விலக மாட்டேன்' என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபோன் எடுப்பதை நிறுத்தினார்கள். அந்த ஐந்து மாதமும் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில்தான் இருந்தோம். நான் காட்டிக்கொடுத்தவள், அவர் காட்டிக்கொடுக்கப்பட்டவர், நடுவில் ஒரு காபி மெஷின். அவர் எனக்கு குட் மார்னிங் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை என் மேஜைக்கு வந்தார். காதில் ஃபோன் இல்லை.

"வாஸ், விலகல் கடிதம் எழுதணும். நாளைக்குள்ள சபாநாயகருக்குப் போகணும்."

"உங்க வக்கீல் எழுத மாட்டாரா?"

"அவன் எழுதினா என்னை மாதிரி இருக்காது. இருபத்தி மூணு வருஷமா என்னை மாதிரி எழுதினது நீதானே."

என்ன தைரியம் பாருங்கள்! ஆனால் உண்மை. எழுதினேன். தொகுதி மக்களுக்கு நன்றி, பணியாற்றியது பெருமை, இன்ன தேதியோடு விலகுகிறேன். குடும்பத்தோடு நேரம் செலவிட என்று போடச் சொன்னார், முடியாது என்றுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு பத்தி சேர்த்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல நின்றபடி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"உக்காருங்க" என்றேன்.

"என்னது?"

"உக்காந்து, வாய்விட்டுப் படிங்க. படிக்காம இந்தத் தடவை கையெழுத்து கிடையாது."

"நீ படிச்சிட்டியே வாஸ்."

"நான் படிச்சா நீங்க படிச்ச மாதிரி ஆகாது மார்ட்டி. அதுல ஒரு பத்தி இருக்கு. பாக்காமப் போட்டீங்கன்னா நாளைக்கு என்னைத்தான் சொல்வீங்க, நான் ஏமாத்தினேன்னு. படிங்க."

நான் யாரையும் அப்படி அதட்டினதில்லை. உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடினார், என் கண்ணாடியைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார், பள்ளிக்கூடப் பையன் பாடம் படிக்கிற மாதிரி, வரி வரியாக. மூன்றாவது பத்தி வந்ததும் நின்றார். அதில் இப்படி இருந்தது: 'திரு. கதிரேசன் என்னை எந்த விதத்திலும் தவறாக நம்பவைக்கவில்லை. அவர் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துகள் போடப்பட்டபோது நான் மேடையில் இருந்தேன்.'

வக்கீலைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். "அவனோட அம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

"தஞ்சாவூர்."

தலையை ஆட்டினார். அந்தப் பத்தியை முதலிலிருந்து முழுக்கப் படித்து முடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். நிதானமாக எழுதினால் ஆளுக்கு அழகான கையெழுத்து. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முதல் நாளே இப்படி உட்கார வைத்திருக்கக் கூடாதா நான்?

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, இனி எந்தப் பதவிக்கும் நிற்க முடியாது. நானும் அந்த மாதமே விலகினேன். கதிரேசனின் இன்டர்வியூ தள்ளிப்போனது. அப்புறம் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். என்ன ஆனது என்று நான் ஃபோன் பண்ணிக் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை.

இரண்டு வருடம் ஆயிற்று. இந்த வருடம் ஒரு சனிக்கிழமை, தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டு மாடியில் இருந்தேன். வாசல் மணி அடித்தது. ரகு போய்த் திறந்தார். யாரோ வேட்பாளருக்குக் கையெழுத்துக் கேட்டு வந்திருந்தார்கள். ரகு தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் அடுத்து அவர் சொன்னது மாடிவரைக்கும் கேட்டது: "அவ குளிக்கப் போறா. இருங்க, அவளுக்கும் நானே போட்டுடறேன்."

இத்தனைக்கும் பிறகு! என்னை ட்ரென்டனுக்கு ஓட்டிக்கொண்டு போன மனுஷன்! எண்ணெய்த் தலையோடு கத்துவதற்காகப் படிக்கட்டுக்கு ஓடி வந்தேன். அதற்குள் கீழே இன்னொரு குரல் கேட்டது.

"இல்ல அங்கிள், பேடைக் குடுங்க. ஆன்ட்டி வரட்டும்."

"அட, அவ வர அரை மணி ஆகுமேப்பா."

"பரவால்ல அங்கிள். நான் வெயிட் பண்றேன்."

எட்டிப் பார்த்தேன். வாசலில் கதிரேசன், பேடை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். காரின் முன் சீட்டில் சுங்குடிச் சேலைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்.

குளிக்காமலே இறங்கி வந்தேன். கதிரேசன் பேடை நீட்டினார். தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன், பிறகு என் பெயரை நானே எழுதினேன். எண்ணெய்க் கையால் ஓரத்தில் கறை பட்டது. கதிரேசன் பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.